மூச்சு வாங்கும் பொண்ணு

இளைப்பாறுவது என்றால் என்னவென்று எனக்கு முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான். நுரையீரலில் சளி கட்டி மாதக்கணக்கில் படுத்திருந்து, மறுபடி வேலைக்குப் போன அன்று சாயங்காலம்.

அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"படி ஏற முடிஞ்சா வாங்க, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த வேலையும் போனால் மனுஷர் ஒடிந்து போவார். பகல் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடவுளைக் கூப்பிட்டபடி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

வந்தவர் கடுகடுவென்று இருந்தார்.

"டைப் அடிக்க ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு. சரியான ஆமை! மாடித் திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்துடுது. 'நில்லுங்க சார், இளைப்பாறிக்கறேன்'ங்குது."

"நீங்க?"

"விட்டுட்டா போக முடியும்? நின்னேன். 'இளைப்புன்னா மூச்சு வாங்கறது. அது ஆறி அடங்கறதுதான் இளைப்பாறுறது. சின்ன வயசு, உனக்கு ஏதும்மா இளைப்பு?'ன்னு கேட்டுட்டேன்."

"பாவங்க, குத்திக் காட்டாதீங்க."

"என்னை விட மோசம்! அதுவே ஏறுது, நான் ஏற மாட்டேனா?"

தினமும் இதே புராணம். எனக்கும் எரிச்சல்தான். இவரையும் அல்லவா தாமதப்படுத்துகிறாள்! ஆனாலும் மனசு கேட்காமல், அந்தப் பெண்ணின் உடம்புக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

நேற்று, மூச்சோடு உள்ளே உறிஞ்சுகிற மருந்தை மறந்துவிட்டுப் போய்விட்டார். பதறியடித்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன். காவலாளி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஒரு பொண்ணு தடதடவென்று இறங்கி வந்தாள். மருந்தை வாங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினாள். போன சுருக்கில் திரும்பியும் வந்துவிட்டாள்.

"குடுத்துட்டேன்மா. சார் நல்லா இருக்காரு, பயப்படாதீங்க."

உயிர் வந்தது எனக்கு. "நல்லா இரும்மா. ஆமா, டைப் அடிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்காமே, படி ஏறவே முடியாம... அதுக்கு இப்ப எப்படி இருக்கு?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தாம்மா அது. 'நீங்க இளைப்பாறிக்குங்க'ன்னா சார் நிக்க மாட்டாரு. அதான் நான் உட்கார்ந்துடறேன்."

நீங்கள் எங்காவது இவரைப் பார்த்தால், தயவுசெய்து இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.