மேசைமேல் ஒரு பாட்டில் ஓடை

நகராட்சிக் கூட்ட அரங்கின் பழைய மின்விசிறி, காற்றைத் தவிர மற்ற எல்லாச் சத்தத்தையும் தருகிறது. ஓடைக்கரைக் குடியிருப்பைத் தொழிற்சாலைப் பகுதியாக மாற்றும் தீர்மானத்தைத் தலைவர் நீட்டி முழக்கி வாசிக்கிறார். மேசை நடுவில், ஓடைக்கரை வார்டு உறுப்பினருக்கு எதிரே, ஆலைக்கழிவால் ஓடை ஏற்கெனவே சாக்கடையானதைக் காட்ட அவளுடைய அண்ணி கொண்டுவந்து வைத்த கண்ணாடி பாட்டில் நிற்கிறது. வைத்தபோது அதிலிருந்த ஓடைத்தண்ணீர் மையாய்க் கறுத்திருந்தது. பேச்சு வளர வளரக் கசடெல்லாம் அடியில் படிந்துவிட, இப்போது ஜன்னல் வெயிலில் மேல்தண்ணீர் பளபளக்கிறது.

“இதப் போயி சாக்கடைங்கிறீங்களே?” என்று தலைவர் விரலால் காட்டுகிறார். அரங்கம் சிரிக்கிறது. பார்வையாளர் பெஞ்சிலிருந்து அண்ணி பதறி எழுகிறாள். “ஐயா, ஒரு குலுக்கு குலுக்கிப் பாருங்க!”

“பார்வையாளருங்க பேசக் கூடாதும்மா.”

அண்ணியின் கண்கள் நாத்தனாரிடம் திரும்புகின்றன. பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் வார்டுக்குத் தார்ச்சாலை போட்டுத் தருவதாகத் தலைவர் நேற்றுச் சொன்ன வார்த்தை அவள் நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள், துடைத்ததையே மறுபடி துடைக்கிறாள். “ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.” ஒவ்வொரு கையாக எழுகிறது. கடைசியாக அவளுடையதும் எழுகிறது.

அண்ணி வெளியே நடக்கிறாள். மனசு கேட்காமல் பாட்டிலை எடுத்துக்கொண்டு நாத்தனார் பின்னாலேயே ஓடுகிறாள். “அண்ணி, நில்லுங்க அண்ணி!” ஓடிய ஓட்டத்தில் தண்ணீர் கலங்கி, அவள் கைக்குள்ளேயே மறுபடி மையாய்க் கறுத்துவிடுகிறது.

படியில் நின்று அண்ணி அதைப் பார்க்கிறாள்.

“இப்பத்தான் குலுக்குறியா?”