தங்கமான பிள்ளை

“கோடி கோடியாகக் கொட்டினாலும் இப்படியொரு பிள்ளை கிடைக்காதும்மா,” என்றார் இரும்புக் கடைக்காரர், மேசைக்கு எதிரே இருந்த அம்மாளிடம்.

“சின்ன வயசுல எப்படி?”

“இருக்கிற இடமே தெரியாது. எடுத்த வேலையை முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பான்.”

பக்கத்தில் இருந்த நாற்பது வயது மகனுக்கு வியர்த்தது. அந்த அம்மாள் சொல்லப்போகும் முடிவில்தான் அவனுடைய வாழ்க்கையே இருந்தது.

“அப்பா, உள்ளதைச் சொல்லுங்க. புத்தகப் பையையே தொலைச்சிட்டு வந்து உங்ககிட்ட பெல்ட்டடி வாங்கலையா?”

“நீ சும்மா இருடா. விளையாட்டுக்குச் சொல்றாம்மா. ஒரு பென்சில்கூடத் தொலைச்சதில்ல.”

டாக்டரம்மாள் பேனாவை மூடினார்.

“ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடுன்னு உறுதி பண்ண, சின்ன வயசுலேயே அறிகுறி இருந்திருக்கணும். உங்க ஞாபகம் மட்டும் போதாது. பெத்தவரே இல்லைங்கறார். இப்போதைக்கு மருந்து எழுத முடியாதுங்க.”

வெளியே வந்ததும் அப்பா சீறினார்.

“நம்ம சரக்கோட குறையை வெளியாள்கிட்ட நாமே சொல்றதாடா? பிழைக்கத் தெரியாதவனே.”

மகன் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இதுவரை போனது மூன்று வேலை, ஒரு மனைவி. இன்று போனது மருந்து. வந்தது, அப்பா வாயிலிருந்து முதல் பாராட்டு.