அக்காவின் அளவு

தையல்காரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு முழங்காலிட்டிருக்கிறாள். ஜன்னல் வெயில் கல்யாண உடையின் சரிகையில் பட்டு, கூரையில் போய் நடுங்குகிறது. உடைக்குள் நிற்பவள் சின்ன இளவரசி. அக்காவுக்கென்று தைத்தது, இவளுக்குத் தோளில் வழிகிறது, இடுப்பில் தொளதொளக்கிறது. குதிரை வைத்தியனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பெரியவள் நேற்று சபையிலேயே சொல்லிவிட்டாள். "சரி, போ," என்றார் ராஜா. அந்தச் சந்தோஷத்தில், அண்டை நாட்டுக்குப் பெண் தருவதாகக் கொடுத்த வாக்கு என்னவாகும் என்று அவள் கேட்கவேயில்லை. இப்போது பயணப் பையோடு விடைபெற வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாக்கா," என்கிறாள் தங்கை, கண்ணாடியைப் பார்த்தபடியே.

"உனக்கு... யாரு சொன்னா?"

"அப்பாதான். காலையில வந்து சொன்னாரு. நீ கெளம்புக்கா, கீழ வைத்தியரு காத்துட்டிருப்பாரு."

"கையத் தூக்குங்கம்மா," என்று தையல்காரம்மா ஊசிகளுக்கிடையே முணுமுணுக்கிறாள். வாரக்கணக்கில் இந்தக் குரலுக்குப் பழகிய பெரியவளின் கை, வாசலில், தானாக உயர்கிறது. பை தரையில் விழுகிறது. கண்ணாடிக்குள் தூக்கிய கைகள் இரண்டு, தங்கையுடையது ஒன்று, அக்காவுடையது ஒன்று. சிரிக்கப் போன தங்கை உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

தையல்காரம்மா கத்திரியை எடுக்கிறாள். "மிச்சத் துணிய வெட்டிரட்டுமா? வெட்டிட்டா, அப்புறம் பெரியவங்களுக்குப் பத்தாது."

தங்கை கண்ணாடி வழியே அக்காவைப் பார்க்கிறாள். பெரியவள் பையை எடுக்கக் குனிகிறாள். கத்திரிச் சத்தம் ஓயும்வரை அவள் நிமிரவில்லை.