தளபதி தட்டிய கதவு

"கதவைத் திறக்கலையாம்மா? நிஜமாவே திறக்கலையா?"

பதிப்பாளர் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலாவது தளபதிக்கு விமோசனம் இருக்காதா என்ற நப்பாசை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"திறக்கலை அண்ணா. தளபதி தட்டறான். அவ விளக்கை ஊதி அணைச்சிட்டுத் தாழ்ப்பாள் போடறா. முற்றும்," என்றாள் நாவலாசிரியை.

பதிப்பாளருக்குத் தலை சுற்றியது. ஒன்பது சரித்திரக் காதல் நாவல்கள். ஒன்பதிலும் போருக்குப் போன கணவன் கடைசிப் பக்கத்தில் திரும்பி வருவான், காத்திருந்தவள் கதவைத் திறப்பாள், வாசகிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நாவல் எப்போது என்று கேட்பார்கள். அந்தக் கண்ணீரில்தான் அவருடைய பதிப்பகம் மிதந்துகொண்டிருந்தது. பத்தாவதைக் கேட்டுக் கடைக்காரர்கள் இப்போதே நச்சரிக்கிறார்கள். இது ஓடாவிட்டால் அச்சகத்தைப் பூட்டிச் சாவியை ஆற்றில் போட வேண்டியதுதான்.

அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக ஓடி வந்திருந்தார். வழக்கமாக வாசலில் ஒரு கணம் நிற்பார். அங்கே ஒரு மரப்பலகையின் மேல் ஆண்கள் அணியும் தோல் செருப்பு ஒரு ஜோடி, மெருகு போட்டு, புறப்படத் தயாராக இருக்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வெள்ளத்தில் போய்விட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட கணவருடையது. அவள் மட்டும் அதை நம்பவில்லை. யாரும் அந்தச் செருப்பைத் தொட மாட்டார்கள். இன்றைய பதற்றத்தில் பதிப்பாளர் வாசலைக் கவனிக்கவே இல்லை.

"இதோ பாருங்கம்மா, உங்க வாசகியை எனக்குத் தெரியும். எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு. நீங்க எத்தனை போர் வேணும்னாலும் வைங்க, தாங்குவா. சதி, சிறை, விஷக் கிண்ணம், எது வந்தாலும் தாங்குவா. முந்நூறு பக்கம் பிரிச்சு வைங்க, தூங்காம படிப்பா. ஏன்? கடைசில அந்தக் கதவு திறக்கும்னு நம்பிக்கை. யானை, வாள் எல்லாம் மேளச்சத்தம். கல்யாணமே அந்தக் கதவுதான்!"

"அந்த நம்பிக்கை தப்புன்னா?"

"தப்பா! போன நாவல்ல ஒரு அத்தியாயம் பிந்தினதுக்கே என் பொண்டாட்டி ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. இதைப் படிச்சா எனக்கே வீட்டுக் கதவு திறக்காது."

அவள் சிரிக்கவில்லை. இந்த மாதிரிப் பேச்சுக்கு எப்போதும் விழுந்து விழுந்து சிரிப்பவள்.

"சரி, அவன் என்னதான் தப்பு பண்ணான்? எதிரிகிட்ட மாட்டிக்கிட்டான், பாவம்!"

"மாட்டிக்கிட்டதா நாமதானே நினைச்சுக்கறோம் அண்ணா?"

சமையலறையிலிருந்து குழாயைத் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். நரைத்த மீசையோடு ஒருவர் தொட்டிக்கு அடியில் குனிந்து, ஒழுகும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பதிப்பாளருக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது.

"பிளம்பர் சார்! நீங்க சொல்லுங்க. ரொம்ப வருஷம் கழிச்சுப் புருஷன் திரும்பி வந்து தட்டறான். காத்திருந்த பொண்டாட்டி திறப்பாளா, மாட்டாளா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பல் தெரியச் சிரித்தார். "இதென்ன சார் கேள்வி? கண்டிப்பாத் திறப்பா."

"கேட்டீங்களா! மக்கள் தீர்ப்பு!" பதிப்பாளர் தொடையில் தட்டினார்.

நாவலாசிரியை கையிலிருந்த டம்ளரை ணங்கென்று வைத்தாள்; டீ தளும்பி, தளபதி தட்டிய பக்கத்தில் சிந்தியது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"ஒரு வார்த்தையும் மாத்த மாட்டேன். இஷ்டம்னா போடுங்க. இல்லைன்னா கொடுத்திடுங்க."

இவ்வளவு வருடத்தில் அவள் அந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை. பிரதியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவருக்கு முன்னால் பிளம்பர் கையைத் துடைத்தபடி வெளியே போனார். மரப்பலகையின் மேலிருந்த செருப்பில் காலை நுழைத்தார்.

"ஐயையோ! அதைப் போடாதீங்க!" பதிப்பாளர் அலறிவிட்டார்.

தோலில் பதிந்திருந்த பழைய கால்தடத்தில் அந்தப் பாதங்கள் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தன. அந்த மனிதர் திரும்பி, பதிப்பாளரைத் தாண்டி உள்ளே பார்த்து, "வாஷர் வாங்கப் போறேன். வேற ஏதாவது வேணுமாடி?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் தெருவில் இறங்கி நடந்தார்.

பதிப்பாளர் இத்தனை வருடமாகச் செருப்பைத்தான் பார்த்திருக்கிறார், அதற்குரியவரின் முகத்தைப் பார்த்ததில்லை.

"அம்மா... அவரா? எப்போ?"

"போன வாரம். தட்டினார். திறந்தேன்."

"அட கடவுளே, நம்ம கதை மாதிரியே! எங்கே இருந்தாராம்? நினைவு தப்பிப் போச்சா? எவனாவது பிடிச்சு வெச்சிருந்தானா?"

"பக்கத்து ஊர்ல. சௌக்கியமா." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நாம போட்ட ஒன்பது நாவலையும் வாங்கிப் படிச்சிருக்கார் அண்ணா. 'எப்ப வந்தாலும் நீ திறப்பேன்னு தெரிஞ்சு போச்சு, அப்புறம் எதுக்கு அவசரப்படணும்?'னு என்னையே கேட்டார்."