காற்றில்லாத கோள்

கோதண்டத்துக்கு யாரைப் பிடிக்காமல் போனாலும், தன் அடுத்த விஞ்ஞானக் கதையில் அவரைக் காற்றில்லாத கோள் ஒன்றில் தனியே விட்டுவிடுவார். வீட்டுக்காரரும் இரண்டு விமர்சகர்களும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புதிய நாவலில் விடப்பட்டவள் புருவத்தில் தழும்புள்ள பெண். வெளியீட்டு விழாவில் பொன்னாடையோடு அவர் அமர்ந்திருக்க, கடைசி வரிசையில் மனைவி சுலோச்சனா எழுந்து மைக்கை வாங்கினாள். தன் கதைகளை அவள் படிப்பதில்லை என்றே நம்பியிருந்தார்.

“அந்தத் தழும்புக்காரி என்னங்க ஆனா?”

“ஆக்ஸிஜன் தீர்ந்துபோச்சு,” என்றார். அரங்கம் சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை அவள் தன் புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அது கல்யாணமான புதுசுலயே தீர்ந்துபோச்சுங்க. அது இல்லாமலே இருக்க அவ பழகிட்டா. இனிமே நீங்க பழகுங்க.”

மைக்கைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள். கோதண்டம் பொன்னாடையைக் கழுத்திலிருந்து தளர்த்தினார்.