ஒற்றைப்படை அறைகளின் அம்பு

முந்நூற்று ஏழாம் அறையின் சீலிங்கில் ஒட்டியிருந்த பச்சை அம்பை ஏணி மேல் நின்று சுரண்டிக்கொண்டிருந்த பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்றார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மேனேஜர் அதை நம்பவில்லை.

அந்த ஹோட்டலில் எலெக்ட்ரீஷியன், பிளம்பர், பூட்டு ரிப்பேர் எல்லாம் பாய்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால், தொழுகிற விருந்தினர்களுக்காக அறைக்கு அறை மக்காவை நோக்கிய கிப்லா திசையைக் காட்டும் அம்பு ஒட்ட வேண்டும் என்றார் முதலாளி. "உங்க விஷயம், உங்களுக்குத்தான் தெரியும்" என்று அந்த வேலையும் பாய் தலையிலேயே விழுந்தது.

முந்நூற்று இரண்டாம் அறையில் திசைகாட்டி வைத்து ஒழுங்காகத்தான் பார்த்தார். அம்பு கட்டிலின் கால்மாட்டைக் காட்டியது. இவ்வளவுதானே என்று மீதி அறைகளில் கட்டிலைப் பார்த்தே மளமளவென்று ஒட்டித் தள்ளிவிட்டார். எதிர்வரிசை அறைகளில் கட்டிலை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. ஒற்றைப்படை எண் போட்ட இருபது அறைகளிலும் அம்பு தலைகீழ்.

முந்நூற்று ஐந்தில் தங்கியிருந்த பெண்தான் இன்று காலையில் போனில் திசை பார்த்துக் கண்டுபிடித்தாள். அவளுடைய அம்மாவுக்கு நாளை ஆபரேஷன். ஐந்து நாளாக, ஐந்து வேளையும் அந்த அம்பை நம்பித்தான் தொழுது அழுதிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு முகத்துல எப்படி சார் முழிப்பேன்?" என்றார் பாய். "இருபது ரூம், ஏழு வருஷம். யார் யார் என்னென்ன கஷ்டத்தோட வந்து தொழுதாங்களோ! அத்தனையும் பாழாக்கிட்டேனே."

"அவங்கள விடுங்க பாய். உங்கள நினைச்சாதான் எனக்கு மனசு ஆறல."

மேனேஜருக்கு உறுத்தல் வேறு. மதியத் தொழுகைக்கென்று பாய்க்குத் தினமும் இருபது நிமிஷம் ஒதுக்கி, ஷவர் சரியில்லாததால் ஆளுக்குக் கொடுக்காத முந்நூற்று ஒன்பதின் சாவியையும் கொடுத்து வைத்தவர் அவர்தான். அதுவும் ஒற்றைப்படை. பாய் தொப்பியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டால், குழாயே வெடித்தாலும் அவரைக் கூப்பிடக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம்.

அடுத்து அந்த அறைக்குத்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாய்க்குச் சொந்த வீட்டைவிடப் பழக்கமான அறை அது. எந்தத் திரையை இழுத்துவிட்டால் பொட்டு வெளிச்சம்கூட வராது, ஏ.சி.யை எதில் வைத்தால் சத்தம் போடாது என்பதெல்லாம் அத்துப்படி. இன்று உள்ளே காலெடுத்து வைக்கவே கூசியது.

அவர் ஏணியை விரிப்பதற்குள் வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்கதானா அம்பு ஒட்டினது?"

"நான்தாம்மா." பாய் கையைக் கட்டிக்கொண்டார். "என்ன வேணாலும் திட்டுங்க. வாங்கிக்கிறேன்."

"திட்டுறதா! காலையில எனக்கும் பகீர்னு ஆயிடுச்சு. உடனே எங்க இமாமுக்குப் போன் போட்டேன். இதுதான் திசைன்னு மனசார நம்பித் தொழுதா அது கூடிடும், திரும்பத் தொழ வேணாம்னு சொல்லிட்டார். நீங்களும் பதறிக்கிட்டு இருப்பீங்களேன்னுதான் தேடி வந்தேன்."

மேனேஜருக்கு மூச்சு வந்தது. "அப்போ பாயோட தொழுகையும் வீணாகலதானே? ஏழு வருஷமா இதே ரூம்லதாம்மா. ஒரு நாள் தவறினதில்ல. பேய் மழையில ஊரே மிதந்தப்பகூட டாண்ணு வந்துட்டார்."

"வீணாகுமா? அல்லாஹ் ஏத்துக்குவான்." அவள் தயங்கினாள். குரல் இறங்கியது. "அண்ணே, நாளைக்கு எங்கம்மாவை உள்ள கொண்டுபோறாங்க. நான் கேட்கிறது இருக்கட்டும். இப்படி விடாமத் தொழுற ஒருத்தர் கேட்டா அது வேற. இன்னைக்கு மதியத் தொழுகையில அவங்களுக்காக ஒரு துஆ செய்வீங்களா?"

பாய்க்கு, இருபது அறைக்காரர்களையும் தன் தப்பிலிருந்து விடுவித்துவிட்டு, இந்தப் பெண் தன்னை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்திவிட்டது போல இருந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. பொய் சொல்லிவிடலாம். ஆனால் நாளைக்கு உள்ளே போகிறவள் இவளைப் பெற்றவள்.

அவர் அம்பை நினைத்துத்தான் இன்னும் மருகுகிறார் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். தேற்றுகிற மாதிரி லேசாகச் சிரித்தாள்.

"விடுங்கண்ணே. ஆனா ஒண்ணு, ஏழு வருஷமா இதே ரூம்ல நின்னும் திசை தப்புன்னு உங்களுக்கு ஒரு தடவைகூடவா சந்தேகம் வரல?"

பாய் கட்டிலைப் பார்த்தார். மேனேஜரைப் பார்க்கவில்லை.

"தெனமும் இங்க படுத்துத் தூங்கினவனுக்கு எப்படிம்மா சந்தேகம் வரும்?"