ஒரு தெரு தள்ளி

திரையில் மறுபடியும் அதே சிவப்புப் பிழை வரிகள்.

அவள் கீபோர்டை ஓங்கித் தட்டினாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பார்க்கட்டும்.

வரைபட வேலைக்கு வேண்டிய சாஃப்ட்வேரைப் புதிய கணினியில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. முன்பு இதைச் செய்துகொண்டிருந்தவர் தீனதயாளன் சார். இப்போது அவளுக்கு மேலதிகாரி. தன் பழைய கணினியைக் கழித்துக் கட்டிவிட்டார். அதில் எதையெல்லாம் ஏற்றியிருந்தீர்கள் என்று கேட்டால், கிடைத்ததைப் போட்டேன், ஓடியது என்கிறார்.

ஓடியதாம்.

எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்றித் தருவதற்கென்று பேக்கேஜ் மேனேஜர் என்று ஒரு புரோகிராம். அது நடத்துவதோ பஞ்சாயத்து. இது வேண்டுமென்றால் அதன் பழைய பதிப்பு வேண்டும் என்கிறது. பழையதைக் கொடுத்தால் மற்றொன்று வெளிநடப்பு செய்கிறது. சம்பந்தி வீட்டார் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு முறுக்கு.

அவள் ஏற்றியதை எல்லாம் அழித்தாள். மற்ற எதோடும் கலக்காத தனி அறை போல, காலியாக ஒரு என்விரான்மென்ட் உருவாக்கினாள். அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று பொறுக்காமல், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தாள்.

சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

சாயங்காலம் எல்லாம் ஏறியது. சிவப்பு இல்லை.

பழைய சர்வே வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் விரித்தாள். தெரு வந்தது. ஏரி வந்தது.

சார் முன்பு போட்ட வரைபடத்தில் இருந்ததுபோல ஏரி தெருவின் மேல் இல்லை.

மேற்கே, ஒரு தெரு தள்ளி, தன் கரைக்குள் அடங்கிக் கிடந்தது.

தான்தான் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தாள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தப்பு இல்லை.

அந்தக் காலத்து சர்வேக்காரர்கள் பூமியை அளந்தது ஒரு கணக்கில். செயற்கைக்கோள் அளப்பது வேறு கணக்கில். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் எண்கள் ஒரு சின்னப் பேக்கேஜில் வரும். அது இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் சிவப்பு காட்டாது. மாற்றாமலே படத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முடிந்தது என்று சொல்லும்.

பக்கத்தில் இன்னொரு என்விரான்மென்ட் உருவாக்கி, அந்தப் பேக்கேஜ் இல்லாமல் ஓட்டிப் பார்த்தாள். ஏரி கிழக்கே நகர்ந்து தெருவின் மேல் ஏறி உட்கார்ந்தது. அச்சு அசலாக சார் போட்ட வரைபடம்.

ஒன்றுமில்லாததற்கெல்லாம் காலையிலிருந்து கத்திய சனியன், இதற்கு வாயைத் திறக்கவில்லையே.

அந்த வரைபடத்தை வைத்துத்தான் ஏரி ஆக்கிரமிப்பு என்று தெருவில் பாதி வீடுகளை இடித்தார்கள். மீதிப் பாதியை நீதிமன்றத் தடை காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை விசாரணை. அதற்காகத்தான் வரைபடத்தை மறுபடி போடச் சொல்லியிருக்கிறார்கள்.

சரிபார்ப்புக்குப் போனபோது அவள் அந்தத் தெருவைப் பார்த்திருக்கிறாள். லூர்துமேரி என்ற பெண் சுவர் போன சமையலறையில், தார்ப்பாயின் கீழே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தைப் பார்த்து வாங்கியவள் அவள்தான். ஏரியில் போய் வீடு கட்ட வைத்துவிட்டாயே என்று புருஷன் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டானாம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

இப்போது அவள் தீனதயாளன் சாரைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு இரண்டு படங்களையும் காட்டினாள். காரணத்தையும் சொன்னாள்.

அவர் வெகுநேரம் திரையையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாத ஆளாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"இடிச்சதை இனிமே நாம கட்டிக் குடுக்கவா முடியும்? அந்தப் பேக்கேஜ் ஒண்ணை மட்டும் எடுத்துடும்மா. பழைய மாதிரியே வரட்டும்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

டீ குடிக்க.

சொன்னதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு யாராவது கேட்டால் சார் சொன்னார் என்று கையை விரிக்கலாம். இந்த ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் பிழைக்கிறார்கள்.

அவள் நீக்கும் கட்டளையை அடித்தாள். கோபத்தில் எழுத்து தப்பியது. திருத்தி அடித்தாள்.

பேக்கேஜ் மேனேஜர் உடனே நீக்கிவிடவில்லை. எது போகப் போகிறது என்று காட்டியது. அதை நம்பி இருப்பவற்றில் எவையெல்லாம் கூடவே போகும் என்றும் காட்டியது. நீக்கட்டுமா, வேண்டாமா என்று கேட்டது.

கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

அந்தத் தெருவில் இடிக்கும்முன் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவள் ஒரு எழுத்தை அழுத்தினாள்.

சார் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். எடுத்தாயிற்றா என்று கேட்டார்.

"எடுக்கட்டுமான்னு கேட்டுச்சு சார். வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவர் குனிந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

அவள் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.